வேர்வை காணாத வெயில்

அந்தமானில் போர்ட் பிளேரை ஒட்டின சிப்பிகாட் ரெங்கம்மாவின் வீட்டுக்காரன் ராக்கப்பன் பிறந்தது தெற்கே தள்ளிக் கிடக்கிற கட்சால் தீவில். அவனுடைய அய்யா சிலோனில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர். இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் பேசி ஆட்களைத் திருப்பி அனுப்பினபோது குடும்பத்தோடு கப்பலேறி மண்டபத்தில் இறங்கினார். அங்கே முகாமில் பிறந்தவள் மூத்தவள் ஒச்சம்மா. அப்புறம் கட்சாலில் சர்க்கார் ரப்பர்த் தோட்டம் போட்டிருக்கிறார்கள், பால் வெட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று மறுபடியும் கப்பலேற்றினார்கள். அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான் ராக்கப்பன் பிறந்தான். ஆக, அக்காளும் தம்பியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் நடுவே ஒரு கடல் கிடக்கிறது.

சுனாமி வந்த காலையில் அய்யா கரைக்குப் போனவர், திரும்பவில்லை. மேட்டில் இருந்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள். ஒச்சம்மா கரையைப் பார்த்தபடி எத்தனையோ நாள் உட்கார்ந்திருந்தாள். ஒரு சேதியும் வரவில்லை. அதற்குப் பிறகும் அவள் கட்சாலை விட்டு நகர மாட்டேன் என்று அங்கேயே இருந்துகொண்டாள். தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. போர்ட் பிளேர் வந்து முகாமில் கிடந்து, மழையும் காற்றும் வெயிலும் அளக்கிற ஒரு சர்க்கார் ஆபீஸில் தினக்கூலி மஸ்தூராக ஒட்டிக்கொண்டான். சிப்பிகாட்டில் கீரையும் பாகற்காயும் போட்டு விற்கிற குடும்பத்தில் ரெங்கம்மாவைக் கட்டினான். அவர்கள் வயலிலும் பாதிக்குமேல் கடல் தண்ணீர் ஏறிக் கெட்டுப்போயிருந்தது. மிச்சம் இருந்த மேட்டுப் பாத்தியில் ரெங்கம்மா செடியைப் பார்த்தாள். அவன் பெட்டியைப் பார்த்தான்.

பெட்டி என்றால் வெள்ளைச் சாயம் அடித்த மரப்பெட்டி. நாலு கால் நட்டு இடுப்பு உயரத்தில் நிற்கும். பக்கமெல்லாம் பலகையைச் சாய்த்துச் சாய்த்து அடுக்கியிருக்கும், காற்று போகும், வெயில் போகாது. உள்ளே காய்ச்சல் பார்க்கிற குச்சி மாதிரி பெரிய கண்ணாடிக் குச்சிகள். ராக்கப்பன் நட்ட பெட்டி புயலுக்கும் ஆடாது என்று ஆபீஸில் பேர் இருந்தது. அந்தப் பேர்தான் அவனைக் கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனது.

போர்ட் பிளேரில் சில வருஷம் இருந்துவிட்டு நாக்பூருக்கு மாற்றலாகிப் போன கௌதம் என்கிற அதிகாரி, போன வருஷத்துக்கு முந்தின கோடையில் கூப்பிட்டார். நாட்டிலேயே எந்தெந்தப் பக்கம் வெயில் உச்சத்தில் கொளுத்துகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. ஊருக்கு ஊர் தானே பெரிய வெயில்காரன் என்று சொல்லிக்கொள்கிறதாம். ஊருக்கு நடுவே ஒரு கணக்கு, ஊருக்கு வெளியே ஒரு கணக்கு என்று வருகிறதாம். ஆகவே நாக்பூருக்குப் பக்கத்துச் சந்திரபூரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து இடத்தில் பெட்டி நட்டுப் பார்க்க வேண்டும்.

"அண்ணே, நீங்க வந்தாத்தான் பெட்டி நேரா நிக்கும்" என்றார் கௌதம். அப்படிச் சொன்னால் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

புறப்படுகிற அன்று ரெங்கம்மா பையில் குடையைச் செருகினாள். ராக்கப்பன் வெளியே எடுத்துப் போட்டான்.

"மழையே இல்லாத ஊருக்குக் குடை எதுக்குடி? சுமையா?"

அந்தமான்காரர்களுக்குக் குடை என்றால் மழைக்கு. அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை அந்த இடத்தில் வைத்தாள்.

வெயிலைப் பற்றி இந்தத் தீவில் எல்லாரும் ஒரே கணக்கு வைத்திருக்கிறார்கள். வேர்த்தால் வெயில், வேர்க்காவிட்டால் வெயில் இல்லை. காலையில் போட்ட சட்டை பத்து மணிக்குள் முதுகில் ஒட்டிக்கொண்டால் இன்றைக்கு நல்ல வெயில் என்பார்கள். துண்டைப் பிழிந்து உதறுவார்கள். இளநீர் குடிப்பார்கள். வேர்வை பார்த்துத்தான் தண்ணீர் குடிக்கிற வழக்கம். அதற்கு மேல் கண்ணாடிக் குச்சி என்ன சொல்கிறது என்பது ஆபீஸ் சமாச்சாரம். இத்தனை வருஷம் குச்சியைப் பார்த்த ராக்கப்பனும் தன் உடம்புக்கு அந்தத் தீவுக் கணக்கைத்தான் வைத்திருந்தான்.

சந்திரபூரிலிருந்து அவன் தினமும் சாயங்காலம் போன் பண்ணுவான். மகள் அகிலா போனை ஸ்பீக்கரில் போடுவாள்.

"ஏங்க, ரொம்ப வேர்க்குதா?"

"வேர்வையா? துளி கெடையாது. சட்டை மொறுமொறுன்னு கெடக்குடி. நம்ம ஊர்ல துவைச்சுப் போட்டா மூணு நாளைக்கு ஈரவாடை அடிக்கும். இங்க கொடியில போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள அப்பளமா ஆயிருது."

"அப்ப சொகமாத்தான் இருக்கீங்க."

"காத்து மட்டும் அடுப்புக்குள்ள இருந்து வர்ற மாதிரி வருது. முதுகுப் பக்கம் சட்டையில வெள்ளை வெள்ளையா என்னமோ படியுது. இந்த ஊர் சோப்பு சரியில்ல போல."

"சோப்பு மேல பழி போடாதீங்க. நல்லா அலசணும். நானா வந்து அலச முடியும்?"

அது அவன் உடம்பிலிருந்து வந்த உப்பு. வேர்வை வெளியே வந்த நொடியே காற்று அதைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. உப்புக் கடலுக்கு நடுவே வாழ்கிற இரண்டு பேருக்கும் அது உப்பு என்று தோன்றவில்லை.

அகிலாவுக்கு இது கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஆகிவிட்டது. போனில் தேடிப் பார்த்து, அன்றன்றைக்கு நாட்டில் எந்த ஊர் வெயிலில் முதலாவது என்று வாசிப்பாள்.

"அப்பா, இன்னிக்கு உங்க ஊர்தான் ஃபர்ஸ்ட்!"

"நெசமாவா? நேத்து ராஜஸ்தான்காரன்ல மேல இருந்தான்?"

"இன்னிக்கு அவனை முந்தியாச்சு."

"அப்படிப் போடு!" என்று அங்கே அவன் தொடையைத் தட்டுகிற சத்தம் இங்கே கேட்கும்.

இந்தச் சேதியெல்லாம் உடனுக்குடன் கட்சாலுக்குப் போய்விடும். ஒச்சம்மாவின் வீட்டில் சிக்னல் கிடைக்காது. படகுத்துறைக்கு மேலே உள்ள மேட்டில் ஏறி நின்றுதான் பேசுவாள். காற்றும் சேர்ந்து பேசுவதால் கத்துவாள்.

"குடுத்து வச்சவன்! நான் இங்க அடுப்படியில வேர்த்து வழிச்சு எறியுறேன், அவனுக்கு வேர்க்கவே இல்லையாமே! ஏசி ரூமுல வச்சிருக்காங்களா என்னா?"

"இல்ல மதினி, வெட்டவெளியிலதான் வேலை."

"அப்ப அது என்னா வெயிலு? பேருக்கு வெயிலு. டிவிக்காரன் சும்மா கதை விடுறான்."

ஒருநாள் ராக்கப்பன் சொன்னான், ஊருக்கு வெளியே நிலக்கரிச் சுரங்கத்து மண் குவித்த பக்கமாக நட்ட பெட்டியில் ஒரு கால் லேசாக இறங்கியிருக்கிறது, நாளைக்குப் போய்ச் சரி பண்ண வேண்டும் என்று. கௌதம் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள் என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தார்.

"அப்ப மூணு மணிக்கு மேல கெளம்புங்க" என்றாள் ரெங்கம்மா. "வெயிலும் இறங்கிரும். இருட்டுறதுக்குள்ள ரூமுக்கு வந்துரலாம். காட்டுப் பாதையில இருட்டுனா பாம்பு கீம்பு கெடக்கும்."

சிப்பிகாட்டில் மூன்று மணி என்றால் தென்னைமர நிழல் பாத்தியைத் தாண்டி நீளும். ஐந்தரைக்குக் கோழி அடைந்துவிடும். அவள் தன் வாசல் வெயிலைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் விளக்கு வைத்து, சாமி படத்துக்குக் கும்பிட்டு, வாசலில் கொசுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ராக்கப்பன் நம்பர் இல்லை.

"அக்கா, நான் கௌதம். பதறாதீங்க."

பதறாதே என்று ஆரம்பிக்கிற போன் யாருக்குத்தான் நல்ல சேதி கொண்டுவந்தது?

"அண்ணன் பெட்டிகிட்ட மயங்கி விழுந்துட்டாரு. ஆடு மேய்க்கிற ஒரு அம்மா பாத்துட்டு, நிழலுக்கு இழுத்துப் போட்டு, ஆட்டுக்கு வச்சிருந்த தண்ணியை மேல ஊத்திருக்காங்க. இப்ப ஆஸ்பத்திரியில இருக்காரு. நான் வந்துட்டேன். குளுக்கோஸ் ஏறுது. வெயில் இன்னும் அடிக்குதுல்ல, அதான் ஈரத்துணி மாத்தி மாத்தி..."

"என்ன தம்பி சொல்றீங்க? இன்னுமா வெயில் அடிக்குது?"

"ஆமாக்கா. இங்க பொழுது சாய இன்னும் நேரம் கெடக்கு."

ரெங்கம்மா இருட்டில் நின்றுகொண்டிருந்தாள். எதிர்வீட்டு விளக்கில் பூச்சி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே நாடு, ஒரே கடிகாரம். இங்கே விளக்கு வைத்தாயிற்று, அங்கே வெயில் எரிகிறது. அப்படியானால் மூன்று மணிக்கு அங்கே எப்படி எரிந்திருக்கும்? மூன்று மணி என்று வாய்கூசாமல் சொன்னது யார்? அகிலாதான் போனை வாங்கி மிச்சத்தைக் கேட்டாள்.

மிச்சம் இதுதான். சூடு இறங்கிவிட்டது, கண் திறந்துவிட்டான். ஆனால் உடம்பில் தண்ணீர் சுண்டிப்போனதில் கிட்னி அடங்கிக் கிடக்கிறது. சிறுநீர் ஒரு சொட்டு வரவில்லை. வந்துவிட்டால் பிழைப்பு. நாளை மதியம் வரைக்கும் வராவிட்டால் நாக்பூருக்குத் தூக்கிக்கொண்டுபோய் மிஷினில் போட வேண்டும். அதற்கப்புறம் எப்படி ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை.

போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டிலிருந்து ரெங்கம்மாவின் அண்ணன் ஜம்புலிங்கம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சின்னச் சின்னக் கட்டட வேலை எடுத்துச் செய்கிற கான்ட்ராக்டர். வாய் பெரிது, மனசும் பெரிது.

"ஒண்ணும் ஆகாது ரெங்கு. சுனாமியே வாயில போட்டுப் பாத்துட்டு வேணாம்னு துப்புன உருப்படி நம்ம மாப்ள. வெயில் என்ன பண்ணும்?"

"அண்ணே, நீ சும்மா இரு."

"டிக்கெட் கெடைக்கிற முதல் ஃப்ளைட்டுல உன்னை ஏத்தி விடுறேன். சென்னையில இறங்கி நாக்பூர் பிடிச்சா..."

"பாஸ்போர்ட்டெல்லாம் வேணுமாண்ணே?"

"ஏ கிறுக்கி, அது நம்ம நாடுதான். மெயின்லேண்ட்!"

அவ்வளவு துக்கத்திலும் அகிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெங்கம்மா சிரிக்கவில்லை. மூன்று மணிக்குப் போகச் சொன்னதை அவள் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

சேதி கட்சாலுக்கும் போயிற்று. ஒச்சம்மா அழவில்லை. "ஒண்ணுக்குப் போனா என்கிட்ட சொல்லு. நான் மேட்டை விட்டு இறங்க மாட்டேன்" என்றாள். முன்பு ஒருதரம் சேதிக்காக உட்கார்ந்தவள் அவள். அதனால் ரெங்கம்மாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்கவே முடியவில்லை.

எப்படியோ விடிந்தது. சிப்பிகாட்டில் ஐந்து மணிக்கெல்லாம் பளபளவென்று ஆகிவிடும். அவள் பல் விளக்கி, வாசல் தெளித்து, போனை மடியில் வைத்து உட்கார்ந்தாயிற்று. அங்கேயோ இன்னும் இருட்டு, எல்லாரும் தூங்குவார்கள். சாயங்காலம் இங்கே முந்திக்கொண்டு போனது மாதிரி காலையும் இங்கே முந்திக்கொண்டு வந்து அவளை வதைத்தது. எதிர்வீட்டு வங்காளத்து அம்மா, தீதி என்றுதான் தெருவே கூப்பிடும், டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"பேஷாப் ஹுவா?" என்றாள், ஒண்ணுக்குப் போனாரா என்று இந்தியில்.

ரெங்கம்மா தலையை ஆட்டினாள், இல்லையென்று. மேட்டில் மாடு கட்டுகிற தெலுங்கர் வேலிக்கு அந்தப்புறமிருந்து அதையே கேட்டார். மீன்காரர் கூடையை இறக்காமலே கேட்டார். ஜம்புலிங்கம் ராத்திரி வாசலில் நின்று போனில் போட்ட சத்தத்தில் சிப்பிகாட் முழுக்க ராக்கப்பனின் சிறுநீருக்குக் காத்திருந்தது.

டீ ஆறுகிற நேரத்துக்குப் போன் அடித்தது.

"ரெங்கு..." குரல் காய்ந்த தேங்காய் மட்டை மாதிரி இருந்தது. ஆனால் அவன் குரல்.

"ஏங்க! ஏங்க, ஒண்ணுக்குப் போனீங்களா?"

"அடச்சீ, நீயுமா? டாக்டர் கேக்குறாரு, நர்ஸம்மா கேக்குது, பக்கத்துக் கட்டில்காரன் பேர்கூடக் கேக்கல, இதைக் கேக்குறான். கூட்டுற ஆள்கூட வெளக்கமாத்தை வச்சுட்டுக் கேக்குறாரு."

"போனீங்களா இல்லையா?"

"இல்ல."

அவளுக்கு உடைந்துவிட்டது. "நான்தாங்க பாவி. மூணு மணிக்குப் போங்கன்னு நான்தானே சொன்னேன்..."

"என்னா மூணு மணி?"

"மூணு மணிக்கு மேல போங்கன்னு சொல்லலையா?"

"நீ சொன்னே. நான் எங்க கேட்டேன்? சோறு தின்ன கையோட கெளம்பிட்டேன். ரூமுல சும்மா குந்திக்கிட்டு என்னா செய்ய? சட்டையும் வேர்க்கல. தண்ணி பாட்டிலைக்கூட ரூமுலயே வச்சுட்டேன்."

தொண்டை முள் இறங்கினதை ரெங்கம்மாவே உணர்ந்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"கட்டின நாள்ல இருந்து ஒரு சொல்லு கேட்டிருக்கீங்களா நீங்க? ஒரே ஒரு சொல்லு! உச்சி வெயில்ல, தண்ணி இல்லாம, குடை இல்லாம! மூணு மணின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

திட்டத் திட்ட அவளுக்கு உயிர் வந்தது. அந்தப் பக்கம் கௌதமின் சிரிப்புக் கேட்டது.

"தம்பி," என்றான் ராக்கப்பன் அவரிடம், போனை வைக்காமலே, "அந்தப் பெட்டி என்னா காட்டுச்சு?"

"நாப்பத்தேழைத் தாண்டிருச்சுண்ணே. நட்ட பெட்டியிலயே அதுதான் உச்சம். நீங்க விழுந்த இடம்தான் இந்தச் சுத்துவட்டாரத்துலயே பெரிய வெயில்."

"கால் இறங்கியிருந்துச்சே, கணக்கு சரியா இருக்குமா?"

"காலை நேராக்கிட்டுத்தான் விழுந்திருக்கீங்க."

"கேட்டியா ரெங்கு? நான் நட்ட பெட்டிதான் ஃபர்ஸ்ட்."

"மூத்திரம் வரல, பெருமையைப் பாரு! போனை வைங்க. தண்ணி குடிங்க. வேர்க்குதோ வேர்க்கலையோ, குடிங்க!"

அதற்கப்புறமும் மதியம் வரைக்கும் பொழுது நகரவில்லை. ஜம்புலிங்கம் டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் இருந்ததுதான் எல்லாரையும் பயமுறுத்தியது. அகிலா உலை வைத்து அரிசி போட மறந்துவிட்டாள். ரெங்கம்மா பாகற்பந்தலுக்குக் கீழே நின்று, பிஞ்சைப் பறிப்பதும் பறித்ததைப் பார்த்து நாக்கைக் கடிப்பதுமாக இருந்தாள். மிஷின் என்றால் என்ன மாதிரி மிஷின் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

போன் அடித்தபோது அகிலாதான் எடுத்தாள். கேட்டாள். முகம் மலர்ந்து, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்தலை நோக்கி ஓடிவந்தாள்.

"அம்மா, வந்துருச்சும்மா! அப்பாவுக்கு வந்துருச்சு!"

ஸ்பீக்கரில் கௌதம் சிரித்துக்கொண்டே கத்தினார். "கொஞ்சம்தான்க்கா, சாயாக் கலர்ல இருக்கு. ஆனா டாக்டர் கையைத் தட்டிட்டாரு. கிட்னி முழிச்சுக்கிச்சாம். நாக்பூர் வேண்டாம். பக்கத்துக் கட்டில்காரர் வார்டுக்கே மிட்டாய் குடுக்குறாரு!"

ரெங்கம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். "முருகா, முருகா" என்றாள். மடியில் இருந்த பிஞ்சுகளெல்லாம் கொட்டின. ஜம்புலிங்கம் மூக்கைச் சிந்தித் துண்டில் துடைத்துக்கொண்டு, "நான்தான் சொன்னேன்ல? நான் சொன்னேனா இல்லையா?" என்று பார்க்கிறவரிடமெல்லாம் கேட்டார்.

கட்சாலுக்கு முதல் மணியிலேயே போன் கிடைத்தது. உண்மையாகவே ஒச்சம்மா மேட்டில்தான் இருந்திருக்கிறாள்.

"மதினி, போயிட்டு வந்துட்டாருங்க. ஒண்ணுக்கு."

"எவ்வளவு வந்துச்சாம்?"

"கொஞ்சம்தான் மதினி. தேத்தண்ணி மாதிரி."

"கொஞ்சமோ நெறையவோ, சேதி வந்துச்சுல்ல ஆத்தா. சேதி வந்துச்சுல்ல." அதற்குப் பிறகுதான் ஒச்சம்மா அழுதாள். அழுதுகொண்டே கீழே நின்ற யார் யாருக்கோ அதைக் கத்திச் சொன்னாள். அவர்கள் கைதட்டுகிற சத்தம் கடல் தாண்டிக் கேட்டது.

ராக்கப்பன் அங்கேயே கொஞ்ச நாள் கிடந்து தேறினான். மிச்சப் பெட்டிகளை விடியற்காலையில் மட்டும் போய்ப் பார்த்தான், ஆடு மேய்க்கிற அந்த அம்மா கண்காணிக்க. அவன் விழுந்த இடத்துக்கு அந்த ஆபீஸ் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தார்கள்.

சேதி வந்த மறுநாள் ரெங்கம்மா பாகற்காய்க் கூடையோடு சந்தைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள். பஸ் முழுக்க ஆள். பின் ஸீட்டிலிருந்து மீன்காரர் எக்கிப் பார்த்து, அத்தனை பேர் நடுவிலே, குரலைத் துளியும் குறைக்காமல், இந்தியும் தமிழும் கலந்து கேட்டார்:

"பாபி, ராக்கப்பன் பாய்க்கு பேஷாப் ஹுவா?"

வேறு நாளாக இருந்தால் அவள் வெட்கத்தில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருப்பாள். அன்றைக்குக் கூடையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, டிரைவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ஹுவா, பாய். நல்லா ஹுவா. இன்னிக்கு ரெண்டு தடவை!"